வயது போன அம்மா, உடைந்த இடுப்பு, ஆஸ்பத்திரி நீட்டும் தாள்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. வெள்ளவத்தையில் என்னோடு இருக்கிறா. சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலுக்காகக் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் இரவு டொய்லட்டுக்குப் போக இரண்டு தரம் பெல் அடித்திருக்கிறா, யாரும் வரவில்லை. கட்டிலின் தடுப்புக் கம்பியும் உயர்த்தியிருக்கவில்லை. தானாக இறங்கி விழுந்துவிட்டா. இடுப்பு நோகிறது என்று அழுதவவுக்கு, "வயது போனால் நோகும்தானே" என்று பனடோல் கொடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு என்றார்கள். ஒப்பரேஷன் செய்து, இப்போது வோக்கர் இல்லாமல் நடக்க முடியாது. இது நடந்து 14 மாதம். ஆஸ்பத்திரி இப்போது பில்லில் ஒன்றரை இலட்சம் ரூபா திருப்பித் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்து வையுங்கள் என்கிறது. கலிபோர்னியாவில் இருக்கும் அண்ணா, "இங்கே என்றால் மில்லியன் டொலர்" என்கிறார். தெரிந்த ஒரு சட்டத்தரணியோ, "உழைக்காத 76 வயது ஆளுக்கு என்ன நட்டம்? விட்டுவிடுங்கள்" என்கிறார். சேர்க்கும்போது நான் ஆங்கிலத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தேன், அதில் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்று ஏதோ இருந்தது. நான் என்ன செய்வது?

— ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் முதல், அந்தத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். அம்மாவையும் வைக்க விட வேண்டாம். இதற்குக் காரணம் ஒன்றரை இலட்சம் சின்னக் காசு என்பதல்ல. அப்படியான தாள்களில் வழக்கமாக "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும், அந்த ஒரு வரியோடு கதை முடிந்துவிடும். சேர்க்கும்போது நீங்கள் கையெழுத்து வைத்த படிவம் வேறு, இது வேறு. அந்தப் படிவத்தைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம்: 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. கவனயீனத்தால் வரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எந்த ஒப்பந்த வாசகத்தாலும் அறிவித்தலாலும் தப்ப முடியாது என்று அது சொல்கிறது. சுவரில் எழுதி ஒட்டினாலும் அப்படித்தான். ஆனால் காயம் நடந்த பிறகு, காசை வாங்கிக்கொண்டு, தெரிந்தே எழுதிக் கொடுக்கிற தீர்வை நீதிமன்றம் மதிக்கும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, முதலாவதுக்குப் பயந்து இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. அந்த உரிமை உங்களுடையது அல்ல, அம்மாவுடையது. காயப்பட்டவ அவ, வழக்காளி அவ. நினைவு தெளிவாக இருக்கிற தாயின் உரிமையை மகள் கையெழுத்து வைத்து விட்டுக்கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரி நிர்வாகம் உங்களைக் கூப்பிட்டுக் கதைக்கிறது, அம்மாவை ஒரு தரமாவது கூப்பிட்டதா? நீங்களும் உங்கள் கடிதத்தில் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு சொல் எழுதவில்லை. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, வயது போனவர்கள் விஷயத்தில் எல்லோர் வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. எனக்கு வருகிற பத்துக் கடிதத்தில் எட்டில் நோயாளியின் குரலே இருக்காது. முதலில் அவவிடம் கேளுங்கள்: காசு வேண்டுமா, அந்த ஆஸ்பத்திரி நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமா, இனி இன்னொருவருக்கு இப்படி நடக்கக்கூடாதா, இல்லை விட்டால் போதுமா. பதிலைப் பொறுத்துப் போகிற வழியே மாறும்.

சரி, உங்கள் தெரிந்த சட்டத்தரணி சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. இலங்கையில் மருத்துவக் கவனயீனத்தை நாம் ரோமன்-டச்சுச் சட்டத்தின் தீங்கியல் பொறுப்பை, அதாவது ஒருவர் தன் தவறால் இன்னொருவருக்குச் செய்த தீங்குக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதியை வைத்துத்தான் கொண்டுபோகிறோம். அதன் அடிப்படை வழக்கு காசு நட்டத்துக்கானது: எவ்வளவு செலவழிந்தது, எவ்வளவு உழைப்பு இழந்தீர்கள். இந்த அளவுகோலை வைத்து அளந்தால் 35 வயது வங்கி ஊழியரின் இடுப்பு பெரிய இடுப்பு, 76 வயது அம்மாவின் இடுப்பு சின்ன இடுப்பு. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கும். ஆனால் அதே ரோமன்-டச்சுச் சட்டம் காயப்பட்ட ஆள் உயிரோடு இருக்கும்போது, அந்த ஆளின் வலிக்கும் வேதனைக்கும், வாழ்க்கையில் இழந்த சுகங்களுக்கும் தனியாக நட்டஈடு கேட்க இடம் கொடுக்கிறது. அம்மா காலையில் கோயிலுக்கு நடந்து போனாவா? தானே மீன் வாங்கினாவா? பேரப்பிள்ளையை ஸ்கூல் வானில் ஏற்றிவிட்டாவா? அதெல்லாம் கணக்கில் வரும். அதற்கு மேல் ஒப்பரேஷன் செலவு, பிசியோதெரபி, வோக்கர், பகலில் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிற ஆளின் சம்பளம், இனி வரப்போகிற வருடங்களுக்கான அதே சம்பளம் என்று நேரடியான காசு நட்டமும் இருக்கிறது. சம்பளமில்லாதவருக்கு நட்டமில்லை என்பது தவறு.

அவர் மனதில் இருந்தது இறந்தவர்கள் பற்றிய பழைய நிலையாக இருக்கலாம். 2001இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரியானி சொய்சா எதிர் ஆர்செகுலரட்ன வழக்கைச் சட்டம் படித்த எல்லோருக்கும் தெரியும். மூளையில் கட்டி இருந்த ஒரு சிறுமியின் நோயைத் தவறாகக் கணித்தார் என்று ஒரு பேராசிரியர் மேல் தகப்பன் போட்ட வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுத்தது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை வெகுவாகக் குறைத்தது, கடைசியில் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தது, ஆனால் அந்தக் கவனயீனத்தால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்குக் காசு கேட்க அந்த வழக்கு வகையில் இடமில்லை என்றும் சொன்னது. இதை ஒரு முதியவரின் மரணத்தில் வைத்துப் பாருங்கள். உழைப்பு இல்லை, அவர் உழைப்பை நம்பித் தங்கியிருப்பவர் இல்லை, அன்புக்கு விலை இல்லை. மிஞ்சுவது ஆஸ்பத்திரி பில்லும் மரணச் செலவும் மட்டும். நம் தாய் தகப்பனின் உயிருக்குச் சட்டம் வைத்த கணக்கு பல காலம் அதுதான்.

2019இல் அது மாறியது. அந்த ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், ஒருவரின் கவனயீனத்தால் இன்னொருவர் இறந்தால் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினர் அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்கும், மனம் உடைந்ததற்கும் நட்டஈடு கேட்கலாம் என்றது. முதியவர்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய சட்டச் சீர்திருத்தம் என் காலத்தில் வரவில்லை. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதவுமில்லை, இன்னும் பல குடும்பங்களுக்கு இது தெரியாது. உங்கள் அம்மா உயிரோடு இருப்பதால் இந்தச் சட்டம் உங்களுக்கு இப்போது தேவையில்லை, தேவைப்படவும் கூடாது. ஆனால் இதை வாசிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

இனி அண்ணாவின் மில்லியன் டொலர். அவர் இருக்கிற அதே கலிபோர்னியாவில் 1975இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். டொக்டர்மாரின் காப்புறுதிக் கட்டணம் ஏறிவிட்டது என்று, வலிக்கும் வேதனைக்கும் 250,000 டொலருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே போனது, அந்த 250,000 மட்டும் 2022 முடியும் வரை ஒரு டொலர்கூட ஏறவில்லை. 2023இலிருந்துதான் உயிரோடு இருப்பவருக்கு 350,000, மரணத்துக்கு 500,000 என்று உயர்த்தி, பத்து வருடத்தில் 750,000, ஒரு மில்லியன் வரை படிப்படியாகக் கூட்ட ஒப்புக்கொண்டார்கள். உழைக்கிற ஆளுக்கு இந்த வரம்பு பெரிதாக உறைக்காது, ஏனென்றால் இழந்த சம்பளத்துக்கு வரம்பு இல்லை. ஓய்வுபெற்ற ஆளின் வழக்கில் பெரும்பகுதியே வலிதானே, அவருக்குத்தான் கழுத்தைப் பிடிக்கும். அங்கே சட்டத்தரணிகள் வென்றால் பங்கு என்ற கணக்கில்தான் வழக்கை எடுப்பார்கள், நிபுணர் சாட்சிக்கு மட்டும் பெருங்காசு போகும், அதனால் வரம்பு கட்டின முதியவரின் வழக்கைக் கையால் தொடவே யோசிப்பார்கள். புளோரிடாவில் இன்னும் மோசம்: கணவனோ மனைவியோ உயிரோடு இல்லாத ஒருவர் மருத்துவக் கவனயீனத்தால் இறந்தால், 25 வயது தாண்டிய பிள்ளைகள் தங்கள் துயரத்துக்கு எதுவும் கேட்க முடியாது. அதை நீக்க அந்த மாநிலச் சட்டசபை 2025இல் சட்டம் நிறைவேற்றியது, ஆளுநர் கையெழுத்திட மறுத்து அதைத் தடுத்துவிட்டார். அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் 2019க்குப் பிறகு நம் சட்டம் புளோரிடாவைவிட முதியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறது.

வரம்பு வைப்பவர்கள் சொல்கிற நியாயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. வழக்குக்குப் பயந்து டொக்டர்மார் சிக்கலான முதிய நோயாளிகளைத் தொடாமல் விடுவார்கள் என்கிறார்கள், அது நடக்கக்கூடியதுதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு இங்கே எத்தனை டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் வெளிநாடு போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், இருப்பவர்கள் இரவும் பகலும் ஓடுகிறார்கள். ஆனால் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அறை வாடகை வாங்குகிற இடம், பெல் அடித்தால் ஒரு ஆளை அனுப்பத்தான் வேண்டும். கட்டில் கம்பியை உயர்த்த மூன்று விநாடி போதும்.

இப்போது உங்கள் வழக்கின் உள்ளே வருவோம். நீங்கள் ஒரே தவறாக எழுதியிருப்பது உண்மையில் இரண்டு தவறு. விழுந்தது ஒன்று, எக்ஸ்ரே எடுக்கப் பிந்தியது இன்னொன்று. இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் பலம் வேறு.

விழுந்தது பலமானது. காய்ச்சலோடு, அதுவும் சிறுநீர்த் தொற்றோடு வருகிற வயது போனவர்களுக்கு இரவில் தடுமாற்றம் வரும், அடிக்கடி டொய்லட்டுக்கு எழும்புவார்கள், விழக்கூடும் என்பது எந்த நேர்ஸுக்கும் தெரிந்த பாடம். தெரிந்த ஆபத்துக்கு ஏற்பாடு செய்யாமல் விட்டதுதான் கவனயீனம். நேர்ஸ்மார் ஆஸ்பத்திரியின் ஊழியர்கள், எனவே ஆஸ்பத்திரியே பொறுப்பு. "டொக்டர் வெளியிலிருந்து வருகிறவர், நாங்கள் இடம் மட்டும்தான் கொடுக்கிறோம்" என்று தனியார் ஆஸ்பத்திரிகள் வழக்கமாகச் சொல்கிற கதை இந்த இடத்தில் எடுபடாது. விழுந்ததற்கும் முறிந்ததற்கும் இடையே தொடர்பைத் தேட வேண்டியதும் இல்லை.

"வயதுக்கு எலும்பு அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். கட்டாயம் சொல்வார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் பதில்: காயப்படுத்தியவர் காயப்பட்டவரை இருக்கிற நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். மெல்லிய எலும்புள்ளவரை விழவிட்டுவிட்டு, கெட்டி எலும்பாக இருந்திருந்தால் முறிந்திருக்காது என்று சொல்லித் தப்ப முடியாது. சொல்லப்போனால் எலும்பு மெல்லியது என்று தெரிந்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கவனித்திருக்க வேண்டும்.

எக்ஸ்ரே பிந்தியது கடினம். அங்கேதான் 2001 தீர்ப்பு உங்களுக்கு எதிரே நிற்கும்: பிந்தியது தவறு என்று நீதிபதி ஒப்புக்கொண்டாலும், பிந்தாமல் இருந்திருந்தால் அம்மா இதைவிட நன்றாக நடந்திருப்பா என்று நீங்கள் காட்ட வேண்டும். அதை நீங்களும் நானும் சொல்ல முடியாது, ஓர் எலும்பு நிபுணர் எழுத்தில் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடுகிற நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டல், இடுப்பு முறிந்தவருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றோ மறுநாளோ ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்கிறது. அது நம் நாட்டுச் சட்டம் இல்லை, ஆனாலும் நிபுணர் தன் அறிக்கையில் அதைச் சுட்டிக்காட்டலாம். கொழும்பில் ஒரு டொக்டருக்கு எதிராக இன்னொரு டொக்டர் சாட்சி சொல்ல எளிதில் முன்வரமாட்டார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் கொஞ்சம் தைரியமாகக் கதைப்பார்கள்.

நேரம்தான் உங்கள் பெரிய எதிரி. வழக்குப் போடக் காலக்கெடு வைக்கிற காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி இப்படியான வழக்குக்கு இரண்டு வருடம். உங்களுக்கு 14 மாதம் போய்விட்டது, மிச்சம் பத்து. ஆஸ்பத்திரியோடு கதைத்துக்கொண்டிருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது, சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் போனாலும் நிற்காது, எந்தச் சபைக்கு முறைப்பாடு போட்டாலும் நிற்காது. ஒப்பந்த மீறல் என்று போட்டால் கொஞ்சம் கூட நேரம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், அதை நம்பிப் படுத்துவிட வேண்டாம்.

முதியவர்களுக்கு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. கொட்டாஞ்சேனையில் இருந்து 81 வயது ஐயா ஒருவர் என்னிடம் வந்தார், சரியாகச் சொன்னால் பிள்ளைகள் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஓரிடத்தில் கவனிக்காமல் விட்டதால் முதுகில் கை நுழையுமளவுக்குப் படுக்கைப் புண். வந்தது 23ஆவது மாதம். ஓடி ஓடி வழக்கைத் தாக்கல் செய்தோம், எதிராளி மறுமொழி தாக்கல் செய்யத் தவணை கேட்டார், இன்னொரு தவணை, இன்னொன்று. அதற்குள் ஐயா வேறொரு வருத்தத்தில் காலமாகிவிட்டார். வழக்கு ஒரு கட்டத்தைத் தாண்டும் முன், அதாவது எதிராளியும் பதில் போட்டு இரு தரப்பும் நேருக்கு நேர் நிற்கும் முன் வழக்காளி இறந்தால், அவருடைய வலிக்கான கோரிக்கையும் அவரோடு போய்விடும். செலவுக் காசை மட்டும் பிள்ளைகள் தொடரலாம். அந்தப் புண்ணை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதர் பட்ட வலி பைலில் இருந்து அழிந்து, மிஞ்சியது மருந்துக்கடைத் துண்டுகள் மட்டும். அதனால்தான் உங்களை இப்படி விரட்டுகிறேன்.

அதனால் இந்தக் கிழமையே செய்ய வேண்டியது: அம்மாவின் கையெழுத்தோடு ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். டயக்னோசிஸ் காட் மட்டும் போதாது. பிஎச்டி, அதாவது கட்டில் தலைப்பில் தொங்குமே அந்தப் பெட் ஹெட் டிக்கட், அதன் முழுப் பிரதி, நேர்ஸ்மாரின் இரவுக் குறிப்பு, மருந்து கொடுத்த தாள், எக்ஸ்ரே படமும் அறிக்கையும் எல்லாம் கேளுங்கள். தராவிட்டால் தரவில்லை என்பதே பிறகு உதவும், வழக்கில் நீதிமன்றத்தின் மூலம் அழைப்பிக்கலாம். (அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தன் ஆவணத்தைத் தானே கேட்கலாம், வழக்கு என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது இல்லை.)

அதோடு தனியார் ஆஸ்பத்திரிகளைப் பார்க்கிற தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைச் சபைக்கு ஒரு முறைப்பாடு போடுங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்தது அது. எக்ஸ்ரே எடுக்காமல் விட்ட டொக்டர் மேல் முறைப்பாடு என்றால் கொழும்பு 10, நொரிஸ் கனல் வீதியில் இருக்கிற இலங்கை மருத்துவச் சபைக்கு. அங்கே ஒழுக்க விசாரணைதான் நடக்கும், நட்டஈடு கிடைக்காது. அம்மாவுக்கு வேண்டியது "இனி இன்னொருவருக்கு நடக்கக்கூடாது" என்பதாக இருந்தால் இந்த இரண்டும்தான் அவவுக்கான வழி. நட்டஈடு என்றால் மாவட்ட நீதிமன்றம். காசு இல்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, போய்க் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வழக்குப் போட்டால் முதல் நாளே சட்டத்தரணியிடம் ஒன்று கேளுங்கள்: அம்மாவின் சாட்சியத்தை வழக்கு விசாரணைக்கு முன்னரே பதிவு செய்ய விண்ணப்பிக்க முடியுமா என்று. போதிய காரணம் காட்டினால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை அதற்கு இடம் தருகிறது, 76 வயதும் உடல்நிலையும் காரணமாகக் காட்டலாம். வருடக்கணக்கில் காத்திருந்து அவவின் நினைவு மங்கிய பிறகு கூண்டில் ஏற்றுவதைவிட, தெளிவாக இருக்கும்போது பதிவாகிவிடட்டும். சிங்களம் தெரியாது என்று தயங்க வேண்டாம், தமிழில் சாட்சி சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். இரவுக் குறிப்பில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்தால் மனம் உடைய வேண்டாம். தமிழில் "பிள்ளை, ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டது விளங்காதவர்கள் அப்படி எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றிரவு அந்த வார்டில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருந்தாரா என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொல்வது என்றால், "அம்மாவின் பைலைப் பார்த்த பிறகு கதைக்கிறோம்" என்று எழுத்தில் சொல்லுங்கள், அவ்வளவுதான். சமாதானமாகத் தீர்ப்பதை நான் எதிர்க்கவில்லை, 76 வயதில் நீதிமன்றப் படி ஏறுவதைவிட நல்ல தொகைக்குத் தீர்ப்பது பல நேரம் மேல். ஆனால் இனி வரப்போகிற பராமரிப்புச் செலவை மாதக் கணக்கில் போட்டுப் பாருங்கள், ஒன்றரை இலட்சம் எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று தெரியும்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு கொப்பியோடு அம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கள். பெல் எத்தனை மணிக்கு அடித்தா, லைட் எரிந்ததா, விழுந்த பிறகு முதலில் வந்தது யார், என்ன சொன்னார்கள், யார் தூக்கினார்கள் என்று அவ சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள். உங்கள் வசனத்தில் திருத்த வேண்டாம். திகதி போட்டு அவவிடமே கையெழுத்து வாங்குங்கள். அதையும் பில்களையும் எடுத்துக்கொண்டு, மருத்துவ வழக்கு நடத்திப் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் இந்த மாதத்துக்குள் போங்கள்.